கூண்டும் கூட்டமும் – 7: நைல் அனுப்பிய விருந்தாளி

(சென்ற வாரம்: 1828-இல் ஆரவாரத்தோடு தொடங்கிய லண்டன் மிருகக்காட்சிசாலை இருபது வருடங்களுக்குள் களையிழந்தது. அதை நடத்திய விலங்கியல் சங்கத்தின் உறுப்பினர் ஒருவரின் சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற விதியைத் தளர்த்தி, 1847-இல் காசு கொடுக்கும் எல்லோருக்கும் வாசலைத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு செயலாளராக வந்த டேவிட் வில்லியம் மிட்செல், கூட்டத்தை இழுக்கும் ஒரு விலங்கைத் தேடிக்கொண்டிருந்தார்.)

1850 மே 25, சனிக்கிழமை. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்தாம்ப்டன் துறைமுகம்.

எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ‘ரிப்பன்’ என்ற நீராவிக் கப்பல் வந்து சேர்ந்திருக்கிறது. அதில் வந்திருப்பவர் சாதாரண ஆள் அல்ல. நேபாளத்தின் பிரதம மந்திரி ஜங் பகதூர். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பப்பட்ட காலத்தில், பரிவாரங்களோடு கப்பலேறி விக்டோரியா மகாராணியைச் சந்திக்க வந்திருக்கிறார். பட்டும் வைரமுமாக அவர் இறங்கியதை லண்டன் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின.

ஆனால் அதே கப்பலில் இன்னொரு விருந்தாளியும் இருந்தது. அதற்காகக் கப்பலுக்குள் தனி வீடு கட்டியிருந்தார்கள். அது குளிப்பதற்கென்றே 400 காலன் நன்னீர் பிடிக்கும் இரும்புத் தொட்டி வைத்திருந்தார்கள். பாரந்தூக்கி அந்த வீட்டை அப்படியே அலாக்காகத் தூக்கிக் கரையில் இறக்கியது. உள்ளே கனமான ஏதோ ஒன்று புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

பத்து மாதமே ஆன நீர்யானைக் குட்டி அது.

ரோமானியர்கள் காலத்துக்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவின் மண்ணை மிதித்த முதல் நீர்யானை. பேரரசர் கொமோடஸ் ரோம் நகரத்து அரங்கில் தன் கையாலேயே நீர்யானைகளைக் கொன்று வீரம் காட்டினார் என்று பழைய வரலாறு சொல்கிறது. அதன்பின் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்குள்ள மக்களுக்கு அது படத்தில் பார்த்த விலங்குதான். 1821-இல் யார்க்‌ஷயரில் உள்ள கிர்க்டேல் குகையைத் தோண்டியபோது நீர்யானையின் எலும்புகள் கிடைத்தன. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நீர்யானை வாழ்ந்திருக்கிறது என்று அறிஞர்கள் அறிந்து வியந்தார்கள். எலும்பு கிடைத்தது, உயிரோடு ஒன்று கிடைக்குமா?

கிடைத்தது. அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்?

நாய்களுக்கு ஈடாக

கெய்ரோவில் அப்போது பிரிட்டனின் தூதராக இருந்தவர் சார்லஸ் அகஸ்டஸ் மர்ரே. பிரபு குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதில் அமெரிக்காவுக்குப் போய் பானி பழங்குடி மக்களோடு மாதக்கணக்கில் தங்கி வேட்டையாடியவர். விலங்கியல் சங்கத்துக்கு ஒரு நீர்யானை வேண்டும் என்ற கோரிக்கையை எகிப்தின் ஆட்சியாளர் அப்பாஸ் பாஷாவிடம் கொண்டுபோனவர் இவர்தான்.

அப்பாஸ் பாஷாவுக்கும் ஓர் ஆசை இருந்தது. இங்கிலாந்தின் கிரேஹவுண்ட் நாய்களும் மான் வேட்டை நாய்களும் அவருக்கு வேண்டும். பேரம் படிந்தது. நாய்கள் எகிப்துக்கு, நீர்யானை லண்டனுக்கு.

கேட்பதற்கு எளிது. வளர்ந்த நீர்யானையை உயிரோடு பிடிப்பது யாராலும் ஆகாத காரியம். டன் கணக்கில் எடை. படகையே கவிழ்த்துவிடும் மூர்க்கம். குட்டியாகத்தான் பிடிக்க வேண்டும். குட்டி எப்போதும் தாயின் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே முதலில் தாயை வீழ்த்த வேண்டும்.

1849-இல் பாஷாவின் ஆட்கள் வெள்ளை நைல் நதியில் வெகுதூரம் தெற்கே போனார்கள். ஒபேஷ் என்ற தீவு. தாய் நீர்யானையைச் சுட்டுக் காயப்படுத்தியபின், கரையோரப் புதரைத் துழாவினார்கள். உள்ளே, பிறந்து சில நாள்களே ஆன குட்டி.

வேட்டைக்காரர்களின் தலைவர் பாய்ந்து அதை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தார். நீர்யானையின் தோலில் வழவழப்பான நீர் சுரக்கும். வெயிலிலிருந்து அந்தத் தோலைக் காப்பது அதுதான். பிடித்த கைகளுக்குள்ளிருந்து குட்டி வழுக்கிக்கொண்டு நழுவியது. எதிரே நைல். தண்ணீருக்குள் போய்விட்டால் அவ்வளவுதான்.

அவர் கையில் படகைக் கரைக்கு இழுக்கும் கொக்கிக் கழி இருந்தது. வீசினார். கொக்கி குட்டியின் விலாவில் பாய்ந்தது.

அந்தத் தழும்பு அதன் உடம்பில் கடைசிவரை இருந்தது. பிடிபட்ட தீவின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ஒபேஷ்.

தாயாக மாறிய மனிதர்

குட்டி பிடிபட்டுவிட்டது. ஆனால் பிழைக்குமா?

தாய்ப்பாலை மட்டுமே அறிந்த உயிர். நைல் வழியாக கெய்ரோ வந்துசேர மாதக்கணக்கில் படகுப் பயணம். குட்டிக்குத் தேவையான பாலைக் கறந்து கொடுக்க வழியோரக் கிராமங்களின் பசுக்கள் போதவில்லை என்று அந்நாளைய குறிப்புகள் சொல்கின்றன. 1849-இன் குளிர்காலத்தை கெய்ரோவில் மர்ரேயின் பாதுகாப்பில் கழித்தது. அங்கேதான் அதன் வாழ்க்கையில் அந்த மனிதர் நுழைந்தார்.

ஹமீத் சஃபி கன்னானா. அரபு இளைஞர். பால் ஊட்டினார், குளிப்பாட்டினார், இரவில் அதன் பக்கத்திலேயே படுத்தார். அந்தக் குட்டிக்கு உலகம் என்பது ஹமீத்தான். அவர் நாலடி தள்ளிப் போனால் கத்தும். திரும்பி வரும்வரை ஓயாது.

கப்பலிலும் இதே கதை. வெக்கை தாங்காமல் ஒரு கட்டத்தில் ஹமீத் குட்டிக்கு மேலே தொங்கு படுக்கை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கப் பார்த்தார். நடுராத்திரி கண் விழித்த குட்டி பக்கத்தில் ஆளைக் காணாமல் தேடியது. அண்ணாந்து பார்த்தது. மூக்கால் கீழிருந்து ஓர் இடி. ஹமீத் படுக்கையோடு புரண்டு அதன் பக்கத்திலேயே வந்து விழுந்தார். பிறகு அது நிம்மதியாகத் தூங்கியது.

லண்டன் மிருகக்காட்சிசாலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மிட்செலின் திட்டத்தைப் புகழ்வார்கள், மர்ரேயின் சாமர்த்தியத்தைப் புகழ்வார்கள். என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் வெற்றி முழுவதும் ஹமீத்தின் தூங்காத இரவுகளின் மேல் நின்றது. அவர் இல்லாவிட்டால் அந்தக் குட்டி நைலைத் தாண்டியிருக்காது.

இரவு பத்து மணி

சவுத்தாம்ப்டனிலிருந்து லண்டனுக்குத் தனி ரயில். செய்தி முன்னாலேயே பரவிவிட்டது. ரயில் நின்ற நிலையங்களிலெல்லாம் கூட்டம். நீர்யானையைப் பார்க்க முண்டியடித்தவர்களுக்குக் காணக் கிடைத்தது ஒரே ஒரு முகம்தான்: மூச்சுக் காற்றுக்காக வண்டியின் கூரைத் திறப்பு வழியே தலையை நீட்டிக்கொண்டிருந்த ஹமீத்தின் முகம்.

இரவு பத்து மணிக்கு ரீஜண்ட்ஸ் பார்க். மிருகக்காட்சிசாலையில் புது வீடும் குளமும் தயாராக இருக்கின்றன. வண்டியின் கதவைத் திறந்தார்கள். இப்போதுதான் உண்மையான சோதனை. நாள் முழுக்க அதிர்விலும் சத்தத்திலும் வந்த விலங்கு. மிரண்டு ஓடினால் யார் நிறுத்துவது? அல்லது வெளியே வரவே மாட்டேன் என்று படுத்துக்கொண்டால்?

யாரும் கயிறு எடுக்கவில்லை. ஹமீத் பேரீச்சம்பழப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் இறங்கினார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஒபேஷ் பின்னாலேயே இறங்கியது. அந்தப் பையை நிமிர்ந்து பார்த்தபடி, அடிமேல் அடி வைத்துப் புது வீடுவரை அவரைத் தொடர்ந்தது. குளத்தைக் கண்டதும் நேரே தண்ணீருக்குள் இறங்கி மூழ்கியது.

சங்கம் பெருமூச்சு விட்டிருக்கும். ஆனால் அடுத்து நடக்கப்போவதை மிட்செல்கூட எதிர்பார்த்திருக்க முடியாது.

ஒரே ஆண்டில் இரண்டு மடங்கு

வாசலில் அன்றைய கட்டணம் ஒரு ஷில்லிங். திங்கட்கிழமைகளில் மட்டும் பாதி, ஆறு பென்ஸ். தொழிலாளிகளும் கடைச் சிப்பந்திகளும் குடும்பத்தோடு வருவது அன்றைக்குத்தான். ஞாயிறு சங்க உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் மட்டும்.

1849-இல் ஆண்டு முழுவதும் வந்தவர்கள் 1,68,895 பேர். 1850-இல் வந்தவர்கள் 3,60,402 பேர். இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள் ஒபேஷ் வராமலேயே கழிந்தவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வந்ததாக அன்றைய செய்திகள் சொல்கின்றன.

விக்டோரியா மகாராணி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார். விலங்கியல் மேதை ரிச்சர்ட் ஓவன் வந்து குட்டியை அணு அணுவாகக் கவனித்து அறிக்கை எழுதினார். பாலில் சோளமாவு கலந்த கஞ்சி குடிக்கிறது, ஹமீத் கண்ணில் படாவிட்டால் பின்னங்கால்களில் எழுந்து வேலியை உடைக்கப் பார்க்கிறது என்றெல்லாம் அதில் பதிவு செய்தார். கடைகளில் வெள்ளியில் செய்த சின்னச் சின்ன நீர்யானைப் பொம்மைகள் விற்றன. ‘நீர்யானை போல்கா’ என்று நடன இசை ஒன்றே வெளியானது. பெரிய வீடுகளின் கூடங்களில் பெண்கள் அதைப் பியானோவில் வாசித்தார்கள். இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த மெக்காலேயும் பார்க்க வந்தார். அது தூங்குவதையும் பார்த்தார், விழித்திருப்பதையும் பார்த்தார். இரண்டு நிலையிலும் கடவுளின் படைப்புகளிலேயே இதைவிட அவலட்சணமானது இல்லை என்று எழுதிவைத்தார்.

ஆனாலும் வந்து பார்த்தார் என்பதே முக்கியம். பெரும்பாலான நேரம் ஒபேஷ் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீருக்குள் மூழ்கி மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டால் பல நிமிடங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஷில்லிங் கொடுத்தவர்கள் வேலியோரம் கால்கடுக்க நின்றார்கள். ஒரு தும்மல் போல நீரைப் பீய்ச்சிக்கொண்டு அந்தப் பெரிய தலை மேலே எழும்பும் ஒரு கணத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மிட்செல் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு நட்சத்திர விலங்கு இருந்தால் போதும், மற்ற எல்லா விலங்குகளுக்கும் அதன் வருமானத்தில் தீனி போடலாம். அடுத்த ஆண்டு லண்டனில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தபோது வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1851-இல் ஆறரை இலட்சம் பேருக்கு மேல் ரீஜண்ட்ஸ் பார்க் வாசலைத் தாண்டினார்கள். பாண்டாவைப் பெற அரசாங்கங்கள் பேச்சுவார்த்தை நடத்துகிற இந்தக் காலம் வரைக்கும் மிருகக்காட்சிசாலைகளின் பொருளாதாரம் அந்த 1850-இல் கற்ற பாடத்தில்தான் ஓடுகிறது.

யாரும் பார்க்காத கூண்டு

அதே 1850-இல் அதே தோட்டத்துக்கு வந்த இன்னொரு ஜோடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தைக் கடக்க மனம் வரவில்லை.

தூரத்து வான் டீமன்ஸ் தீவிலிருந்து, அதாவது இன்றைய டாஸ்மேனியாவிலிருந்து, தாவரவியல் ஆய்வாளர் ரொனால்ட் கன் ஒரு ஜோடி விலங்குகளை அனுப்பிவைத்தார். நாயின் முகம். முதுகின் பின்பாதியில் புலிக்கு இருப்பதுபோல கறுப்புக் கோடுகள். விறைப்பான வால். கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் இனம். தைலசின் என்பார்கள், டாஸ்மேனியப் புலி என்றும் சொல்வார்கள். ஐரோப்பா கண்ட முதல் ஜோடி அது.

பறவை ஓவிய நூல்களால் புகழ்பெற்ற ஜான் கூல்ட், ஆஸ்திரேலிய விலங்குகளைப் பற்றிய தம்முடைய நூலுக்காக அந்த ஜோடியைப் பார்த்து வரையச் செய்தார். அறிஞர்கள் சிலர் நின்று பார்த்தார்கள். கூட்டமோ ஒபேஷின் வேலியை நோக்கி ஓடியது. பொம்மை இல்லை, போல்கா இல்லை, மகாராணியின் வருகையைப் பற்றிய பத்திரிகைச் செய்தியில் அவற்றுக்கு இடமில்லை.

டாஸ்மேனியாவில் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் அவற்றை ஜென்ம விரோதியாகப் பார்த்தார்கள். 1888 முதல் 1909 வரை அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி கொடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு அந்தப் பணம் வழங்கப்பட்டது. லண்டனின் கடைசி தைலசின் 1931-இல் இறந்தது. உலகம் அறிந்த கடைசி தைலசின் 1936 செப்டம்பர் 7-ஆம் தேதி டாஸ்மேனியாவின் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் இறந்தது.

ஒபேஷின் இனம் இன்றும் ஆப்பிரிக்க ஆறுகளில் இருக்கிறது. தைலசின் எங்குமே இல்லை. ஒரு விலங்கின் அருமையைக் கூட்டத்தின் நீளத்தால் அளந்ததுதான் மிருகக்காட்சிசாலைகள் செய்த பெரும்பிழை. வருகைப் பதிவேட்டில் 1850 ஒரு பொன்னான ஆண்டு. அந்த ஆண்டில் கண்முன்னே நின்ற அரிய உயிரை அடையாளம் காண அந்தப் பதிவேட்டால் முடியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இப்போது ‘ரிப்பன்’ கப்பலுக்கு ஒரு கணம் திரும்புவோம். ஜங் பகதூர் இறங்கினார், ஒபேஷ் இறங்கியது, ஹமீத் இறங்கினார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். எகிப்தின் பாம்பாட்டிகள். ஒருவர் பெரியவர், இன்னொருவர் பதினாறு வயது மதிக்கத்தக்க பையன்.

உலகிலேயே பாம்புகளுக்கென்று தனிக் கட்டடம் கட்டிய முதல் மிருகக்காட்சிசாலை லண்டன்தான். 1849-இல் திறந்தார்கள். ஒபேஷ் வந்த அந்தக் கோடையில் பாம்பாட்டிகள் இருவரும் அங்கேயே வித்தை காட்டினார்கள். படமெடுத்த நாகத்தை வெறுங்கையால் பிடித்தார்கள், கழுத்தில் போட்டுக்கொண்டார்கள், தரையில் விட்டு மறுபடி எடுத்தார்கள். கனவான்களும் சீமாட்டிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டினார்கள்.

தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு வாழ்கிறவனுக்கு அதன் கண்ணசைவு தெரியும். எந்த நேரத்தில் கை வைக்கலாம், எந்த நேரத்தில் கூடாது என்பது அவன் ரத்தத்தில் ஊறியது. வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பவனுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இவ்வளவுதானா, இது சுலபமாக இருக்கிறதே!

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1852 அக்டோபரில் ஒரு நாள். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகும் நண்பர் ஒருவரை வழியனுப்பிவைக்க விடிய விடியக் கண்விழித்துக் குடித்துவிட்டு, பாம்பு வீட்டின் காப்பாளர் ஒருவர் காலையில் நேரே வேலைக்கு வந்தார். நாகப்பாம்பு இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். பாம்பாட்டியைப் போலவே அதைக் கையில் எடுத்தார்.

பக்கத்தில் இருந்த சக ஊழியர் பதறிப்போய் வேண்டாம், வைத்துவிடு என்று கத்தினார்.

அந்தக் காலையில் என்ன நடந்தது, மருத்துவமனையில் அவரைக் காப்பாற்ற எப்படிப் போராடினார்கள், அதன்பின் லண்டன் நகரம் மிட்செலிடம் என்ன கேள்வி கேட்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)